பேட்டரிக்குள் வளரும் தோல்

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் மரம், தட்டினால் கல். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன் புதைந்த மரங்கள் அவை. அழுகி முடிவதற்குள் சிலிக்கா கலந்த நீர் உள்ளே புகுந்து இடம் பிடித்துவிட்டது. யார் முந்துகிறார்கள் என்பதுதான் கணக்கு. மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் அயன் பேட்டரிக்குள்ளும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

பேட்டரியின் மைனஸ் முனை பெரும்பாலும் கிராஃபைட். அதைச் சுற்றி மின்பகுளி: எத்திலீன் கார்பனேட் போன்ற கரைப்பான்களில் லித்தியம் உப்பைக் கரைத்த திரவம். முதல் சார்ஜின்போது கிராஃபைட் பரப்பில் இந்தத் திரவம் சிதைந்து, நானோமீட்டர் கணக்கில் மெல்லிய படலமாகப் படியும். அது லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. அதனால் மேற்கொண்டு சிதைவது அடங்கும். இமானுவேல் பெலெட் 1979ல் இதை விளக்கினார். நான் இதைத் தோல் என்றே சொல்கிறேன்.

தோல் தானாக வளரும், ஆனால் தரமாக வளராது. அதற்குத்தான் சேர்மானம். வினைலீன் கார்பனேட் 1 அல்லது 2 சதவீதம் போதும். கரைப்பானை முந்திக்கொண்டு சிதைந்து, பாலிமராகக் கோத்துப் படியும். தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும் வேலை. சரி, நிறையப் போட்டால் என்ன? தோல் தடித்து, அயனி நுழையவே சிரமப்படும்.

சிலிக்கான் கலந்த முனையில் பாடு அதிகம். லித்தியத்தை ஏற்று சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் ஊதும், தோல் கிழியும். அங்கே ஃப்ளூரோ எத்திலீன் கார்பனேட் ஒட்டுப்போடும். அதுவும் தீர்ந்தால், கிழிசலை அடைக்கக் கரைப்பானும் லித்தியமும் செலவாகும். அந்த லித்தியம் திரும்பாது. வண்டி ஓடும் கிலோமீட்டர் குறைவது இப்படித்தான்.

இந்த அறிவியலுக்கு நம்ம ஊரிலேயே ஓர் இடம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948ல் அடிக்கல் நாட்டினார்கள், 1953ல் திறந்தார்கள். இரும்புத் துருவையும் லித்தியம் பேட்டரியையும் ஒரே நிறுவனம் ஆராய்வதில் அதிசயமில்லை. இரண்டிலும் பரப்பின் மேல் படியும் படலம்தான் விதியைத் தீர்மானிக்கிறது.

திண்டிவனம் பக்கத்து வெயிலுக்கு இது வெறும் பாடம் இல்லை. சூடு ஏறினால் தோல் கரைந்து மறுபடி வளரும். ஒவ்வொரு தடவையும் லித்தியம் போகும். உப்பு துளி ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமாகி, பிளஸ் முனையின் மாங்கனீஸையும் அரிக்கும். எனவே வண்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் கொஞ்சம் ஆற விடுங்கள். முழு சார்ஜில் நாள்கணக்கில் வெயிலில் நிறுத்தாதீர்கள். சேர்மானத்தை நம்மால் கூட்ட முடியாது, அது செலவாகும் வேகத்தைக் குறைக்க முடியும்.