44 டன் எஞ்சின் ஏன்?

அமெரிக்காவில் 'ஷார்ட் லைன்' என்றால், பெரிய ரயில்வேயோடு ஒரு முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கம்பெனி. நியூயார்க் மாநிலத்தில் ஆர்கேட் அண்ட் அட்டிகா என்று ஒன்று. அதன் சரக்கு ரயிலைக் காரில் தொடர்ந்து போனேன். சிரமமே இல்லை, டிராக்டர் வேகம்தான். ஆர்கேடில் பெரிய ரயில்வே விட்டுப்போன வேகன்களை வடக்கே நார்த் ஜாவாவுக்கு இழுத்துப் போகிறது, சுமார் 24 கி.மீ.

பக்கப்பாதை பின்னோக்கிப் பிரிந்தால் கவலையில்லை: தாண்டிப் போய், வேகனைப் பின்னால் தள்ளிவிடலாம். முன்னோக்கிப் பிரிந்தால் எஞ்சினே உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் வேகனைக் கழற்றிவிட்டு, இணைப்பாதை வழியாகச் சுற்றி அதன் பின்புறம் வரவேண்டும். ஒரே ஒரு வேகனுக்கு இத்தனை கூத்து!

செலவு அங்கேதான். 1937 தொழிற்சங்க ஒப்பந்தப்படி, 90,000 பவுண்டுக்கு மேற்பட்ட எஞ்சினில் டிரைவரோடு ஃபயர்மேனும் இருக்கவேண்டியிருந்தது. 44 டன் என்றால் 88,000 பவுண்டு. தப்பியாச்சு! (விதியில் ஓட்டை தேடுவது நம்ம தொழில் மட்டும் இல்லை.) இந்தக் கம்பெனி 1941-இல் அப்படி ஒன்றை வாங்கியது. ஒரு ஆள் சம்பளம் இவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. 1917-இல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கிக் காப்பாற்றிய பாதை இது.

அட்டிகா வரை போகலாமே என்று கேட்காதீர்கள். அந்தப் பகுதியை 1957-இல் வெள்ளம் அடித்துப் போய்விட்டது. பெயரில் மட்டும் அட்டிகா இருக்கிறது.