அபராதமல்லாத அபராதச் சீட்டு

பிரிட்டனில் கார் வைத்திருப்பவர் எவருக்கும் ஒருநாள் அந்தக் கடிதம் வரலாம். கார் நுழையும்போது ஒரு படம், வெளியேறும்போது ஒரு படம், ஓரத்தில் மணியும் நிமிடமும். கீழே 100 பவுண்ட் என்று ஒரு தொகை. 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும் என்று ஒரு சலுகை. பார்த்தால் போலீஸ் போட்ட அபராதம் போலவே இருக்கும். ஆனால் அதில் போலீசும் இல்லை, நகராட்சியும் இல்லை. அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தை நடத்தும் தனியார் நிறுவனம் அனுப்பியிருக்கும் பில் அது. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் நம் உறவுகளைக் கேட்டால், அதைப் பார்த்துப் பதறிப் பணம் கட்டியவர்களும் இருப்பார்கள், குப்பைக்கூடையில் போட்டவர்களும் இருப்பார்கள். இரண்டுக்கும் முன்னால், அந்த ஒரு தாளுக்குப் பின்னே எத்தனை சக்கரங்கள் சுழல்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது.

முதல் சக்கரம் ஓர் ஒப்பந்தம். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, வாயால் எதையும் ஒப்புக்கொள்ளவுமில்லை. ஆனாலும் இங்கிலாந்துச் சட்டத்தின் பார்வையில் ஒப்பந்தம் செய்துவிட்டீர்கள். வாசலில் நிற்கும் பலகை ஒரு முன்மொழிவு: 'இன்ன நேரம் நிறுத்தலாம், மீறினால் இவ்வளவு.' அதைப் பார்த்த பிறகும் காரை நிறுத்திவிட்டுப் போனால் அதுவே சம்மதம். பலகைதான் பத்திரம், வண்டியை நிறுத்தியதுதான் கையொப்பம்.

அப்படியானால் பலகையைப் பார்க்க முடியாத இடத்தில்? 1970-ல் லண்டனின் ஷூ லேன் வண்டி நிறுத்துமிடம் பற்றிய வழக்கில், தானியங்கி இயந்திரம் சீட்டை நீட்டும் அந்த நொடியிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று நீதிபதி டென்னிங் முடிவு செய்தார். இயந்திரத்தோடு யாரும் பேரம் பேச முடியாதே! அதற்குப் பிறகு உள்ளே எங்கோ ஒட்டிவைத்த நிபந்தனைகள் ஓட்டுநரைக் கட்டுப்படுத்தாது. 2000-ல் வைன் எதிர் வால்தம் ஃபாரஸ்ட் வழக்கு இன்னும் நுட்பமானது. எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற வேறொரு வண்டி அதை மறைத்திருந்தது. பார்க்காத பலகைக்கு வைன் சம்மதித்ததாகச் சொல்ல முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பலகையின் உயரம், எழுத்தின் அளவு, இரவில் அதன்மேல் விழும் வெளிச்சம் ஆகிய எல்லாமே இங்கே சாட்சிகளாகிவிடுகின்றன.

எழுத்து பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் செம்ஸ்ஃபோர்டு நகரம் பதில் சொன்னது. 2013 ஏப்ரலில், அங்கே ஒரு வணிக வளாகத்தில் இரண்டு மணி நேர இலவச நிறுத்தத்தை பேரி பீவிஸ் என்பவர் 56 நிமிடம் தாண்டினார். பில் 85 பவுண்ட். நிறுத்துமிடம் இலவசம், எனவே நிறுவனத்துக்கு நஷ்டம் ஒரு பென்னிகூட இல்லை, நான் ஏன் 85 கட்ட வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. அந்த இடத்தை நடத்தும் உரிமைக்காக நிறுவனம்தான் நில உரிமையாளருக்கு வாரம் 1,000 பவுண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது என்ற விவரம் வழக்கில் வெளிவந்தது. கட்டணம் வாங்காத நிறுத்துமிடம், நேரம் தாண்டுபவர்கள் கட்டும் தொகையிலேயே ஓடிக்கொண்டிருந்தது!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பர் 4 அன்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் பீவிஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதில் அவர்கள் ஒரு பழைய அளவுகோலையே மாற்றினார்கள். 'எவ்வளவு நஷ்டம்' என்பது இனி ஒரே கேள்வி அல்ல. 'இந்தத் தொகையைக் கேட்பதில் முறையான நலன் ஏதாவது இருக்கிறதா, தொகை அதற்குப் பொருத்தமில்லாத அளவுக்கு அதிகமா' என்பதே கேள்வி. கார்கள் வந்து போய்க்கொண்டே இருந்தால்தான் கடைகள் பிழைக்கும். அது முறையான நலன். சுமார் இருபது பலகைகள் பெரிய எழுத்தில் நின்றன. 85 பவுண்ட் மிகையல்ல. இன்றும் 'அவர்களுக்கு என்ன நஷ்டம்?' என்று மட்டும் எழுதி முறையீடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதவு அன்றைக்கே சாத்தப்பட்டுவிட்டது.

அடுத்த சக்கரம் கேமரா. நம்பர் பிளேட்டைத் தானே படிக்கும் இந்தத் தொழில்நுட்பத்தை 1976-ல் பிரிட்டிஷ் காவல் துறையின் அறிவியல் பிரிவு உருவாக்கியது. கேமரா தன் பக்கத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, அதாவது சிவப்புக்கு அப்பால் இருக்கும் ஒளியை, வீசுகிறது. பிரிட்டிஷ் பிளேட்டின் மேற்பரப்பு ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்டது. கறுப்பு எழுத்துகள் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் நள்ளிரவிலும் பிளேட் பளீரென்று தெரியும், காரின் மற்ற பகுதி இருளில் கரைந்துவிடும்.

இதைவிட அழகான நுட்பம் எழுத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் பிளேட்டில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும் ஒரே வடிவம். எந்தக் கணினியாலும் உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் 2001 செப்டம்பர் முதல் வந்த பிளேட்டுகளில் வரிசை மாறாது: இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மூன்று எழுத்து. மூன்றாவது, நான்காவது இடத்தில் வந்தால் அது பூஜ்யம். மற்ற இடங்களில் வந்தால் எழுத்து. வடிவம் சொல்லாததை இடம் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு கெட்டிக்காரக் கேமராவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது பார்ப்பது வாசலை மட்டுமே. நீங்கள் நிறுத்திய நேரம் அதற்குத் தெரியாது. நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும்தான் தெரியும். இடம் தேடிச் சுற்றியது, வாசலில் நெரிசலில் நின்றது எல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால்தான் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நிறுத்துமிட நிறுவனங்களின் பொது விதித்தொகுப்பு, நிபந்தனையைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது 5 நிமிடமும், அனுமதித்த நேரம் முடிந்தபின் 10 நிமிடமும் விடச் சொல்கிறது. இன்னொரு பிழை விசித்திரமானது. காலையில் பத்து நிமிடம் வந்து போகிறீர்கள், மாலையில் மறுபடி பத்து நிமிடம். முதல் வெளியேற்றத்தையும் இரண்டாம் நுழைவையும் கேமரா தவறவிட்டால், நாள் முழுக்க நின்றதாகக் கணக்கு வரும். அப்போது நடுவில் வேறு கடையில் வாங்கிய ரசீது ஒன்று இருந்தால் போதும், அந்த பில் நிற்காது.

கேமராவுக்குப் பிளேட் தெரியும், முகவரி தெரியாது. அதை ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமையிடம் நிறுவனம் கேட்டு வாங்குகிறது. ஒரு முகவரிக்குக் கட்டணம் 2.50 பவுண்ட், லண்டனில் ஒரு காபிக்குக்கூடப் பற்றாத காசு. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் இப்படிப் போகின்றன. ஆனால் முகமை தருவது பதிவேட்டில் இருப்பவரின் பெயரை. ஓட்டியவரின் பெயரை அல்ல. ஒப்பந்தம் செய்ததோ ஓட்டியவர். இந்த இடைவெளியை இணைக்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012-ல் ஒரு பாலம் கட்டினார்கள்: தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைத் தடைசெய்த அதே சுதந்திரப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை. நிபந்தனைகளை அச்சாகக் கடைப்பிடித்தால், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் பதிவுதாரரிடம் கேட்கலாம்.

அந்த 'அச்சாக' என்பதில்தான் சுவாரசியம். கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் தபாலில் மட்டும் அனுப்பினால், நிறுத்திய மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் சேர வேண்டும். தபாலில் போட்ட பின் இரண்டாவது வேலைநாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், மாறாக நிரூபிக்காதவரை. 2025 ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை கார் நின்றதாக வைத்துக்கொள்வோம். கடைசி நாள் ஜூன் 15, அதுவும் ஞாயிறு. 11-ம் தேதி புதன்கிழமை அனுப்பினால் வெள்ளிக்கிழமை சேர்ந்துவிடும், சரி. 12-ம் தேதி வியாழக்கிழமை அனுப்பினால்? வெள்ளி ஒன்று, நடுவில் சனி ஞாயிறு, திங்கள் இரண்டு. தேதி 16 ஆகிவிட்டது. பாலம் அறுந்தது. ஆனால் தப்புவது பதிவுதாரர் மட்டுமே; ஓட்டியவரின் கடன் அப்படியே இருக்கும். தனியார் நிறுவனத்துக்கு ஓட்டியவர் பெயரைச் சொல்லும் கடமை பதிவுதாரருக்கு இல்லை. முறையீட்டில் 'நான் நிறுத்தினேன்' என்று தன்மையில் எழுதியவர் அந்தப் பாதுகாப்பைத் தன் கையாலேயே விட்டுவிடுகிறார்.

ஆக, முறையிடலாமா என்பதைக் கோபத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கடிதத்தின் தேதியைப் பாருங்கள். இடத்துக்குப் போய்ப் பலகையைப் படம் எடுங்கள், நுழைந்த அதே நேரத்து வெளிச்சத்தில். நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். இயந்திரத்தில் வண்டி எண்ணை ஓர் எழுத்து மாற்றி அடித்துப் பணம் கட்டியிருந்தால் ரசீதை அனுப்புங்கள். அத்தகைய சிறு பிழைக்குப் பில்லை ரத்து செய்யவே விதித்தொகுப்பு சொல்கிறது. பலகை தெளிவு, தேதி சரி, நேரமும் நிஜமாகவே தாண்டியது என்றால் 60 பவுண்டைக் கட்டிவிடுவதே உத்தமம். பீவிஸ் வழக்கை மறுபடி நடத்த யாராலும் முடியாது.

முறையீடு முதலில் நிறுவனத்துக்கு. அது மறுத்தால், நிறுவனம் எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதன்படி 'பாப்லா' என்ற அமைப்பிடமோ, 'சுயேச்சை முறையீட்டுச் சேவை' என்ற அமைப்பிடமோ இலவசமாகப் போகலாம். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆனால் இந்த இரண்டாம் கட்டத்துக்குப் போனால் 60 பவுண்ட் சலுகை கைநழுவும். பந்தயம் 40 பவுண்ட்தான்.

ஒன்றை மட்டும் எந்நிலையிலும் செய்யாதீர்கள்: வந்த கடிதத்தை மடித்து மறந்துவிடுவது. வசூல் நிறுவனங்களின் மிரட்டல் கடிதங்களுக்குச் சட்ட பலம் இல்லை. அவர்கள் நீதிமன்ற அமீனாக்கள் அல்லர். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு ஆண்டு வரை வழக்குப் போட அவகாசம் உண்டு. ஸ்காட்லாந்தில் பதிவுதாரருக்கான அந்தப் பாலமே இல்லை. அங்கும் டண்டி நகரில் நூற்றுக்கணக்கான சீட்டுகளை ஒதுக்கித்தள்ளிய ஒருவர் 24,500 பவுண்ட் கட்ட வேண்டும் என்று 2017-ல் தீர்ப்பானது. இங்கிலாந்தின் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து கோரிக்கைப் படிவம் வந்தால் பதில் சொல்ல 14 நாள். பெற்றுக்கொண்டதாக ஒப்புகை அனுப்பினால் அது 28 நாளாகும். பதிலே போகாவிட்டால் விசாரணையின்றித் தீர்ப்பாகிவிடும். அந்தத் தொகையை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், தீர்ப்பு ஆறு ஆண்டு பொதுப்பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி அதைப் பார்க்கும்.