கோடீஸ்வரன் நாற்காலியும் அப்பத்தாவோட கணக்கும்

போன எபிசோட்ல, "வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பார்த்த ஷோ எது?"ன்னு கேட்டிருந்தேன். திரும்பத் திரும்ப வந்த பதில் விஜய் டிவியில சூர்யா நடத்தின 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. கொஞ்சம் மூத்தவங்க, சன் டிவியில சரத்குமார் நடத்தின 'கோடீஸ்வரன்'னு சொன்னாங்க. ரெண்டுமே ஒரே பிரிட்டிஷ் ஷோவோட பிள்ளைங்கதான். அந்த ஷோ உள்ளுக்குள்ள எப்படி வேலை செஞ்சுது, ஏன் இன்னும் மனசுல நிக்குதுங்கிறதுதான் இன்னைக்கு மேட்டர்.

லண்டன்ல இருந்து நம்ம ஹாலுக்கு

1998 செப்டம்பர் 4. பிரிட்டன்ல ஐடிவி சேனல்ல 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' ஆரம்பிக்குது. நடத்தினவர் கிறிஸ் டாரன்ட். யோசனை டேவிட் பிரிக்ஸோடது. முதல்ல வச்ச பேரு 'கேஷ் மவுன்டன்', அதாவது பண மலை. பரிசு 10 லட்சம் பவுண்ட். அவ்வளவு காசு எங்கேருந்து வரும்? கலந்துக்க ஆசைப்படுறவங்க கூடுதல் கட்டணம் உள்ள நம்பருக்குப் போன் பண்ணணும். அந்தக் காசுதான் பரிசுக்கு அடித்தளம்.

2000 ஜூலை 3-ல அமிதாப் பச்சனோட இந்தியாவுக்கு வந்துச்சு. தமிழ்ல சரத்குமார், 2012-ல சூர்யா, அடுத்த சீசன்ல பிரகாஷ்ராஜ், 2019 கடைசியில கலர்ஸ் தமிழ்ல ராதிகா.

டிசைன்ல என்ன ஸ்பெஷல்?

சாஃப்ட்வேர்காரனா எனக்குப் பிடிச்ச விஷயங்கள் மூணு.

ஒண்ணு, நாலு ஆப்ஷன். பதில் தெரியாதவங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும். "சி-தான்டா!"ன்னு கத்தறதுக்குப் படிப்பு தேவையில்ல.

ரெண்டு, மியூசிக். கீத் ஸ்ட்ரேக்கனும் அவர் மகன் மேத்யூவும் போட்டது. மேல மேல போகப் போக, ஒவ்வொரு கேள்விக்கும் சுருதி அரை ஸ்வரம் ஏறும். காது கவனிக்காது, ஆனா நெஞ்சு படபடக்கும்.

மூணாவது முக்கியமானது. கேள்வியையும் ஆப்ஷனையும் பார்த்த பிறகும் எந்திரிச்சுப் போகலாம். அதனால இது அறிவுக்கு மட்டும் வைக்கிற பரீட்சை இல்ல. எப்போ நிறுத்தணும்னு தெரியுதான்னும் சோதிக்குது.

25 லட்சத்துல ஒரு கணக்கு

இந்தியாவுக்கு முதல்ல வந்த ஏணியை எடுத்துக்குவோம். 15 கேள்வி. 10-வது கேள்வியில 3,20,000 ரூபாய் உறுதி. நீங்க 25 லட்சத்துல நிக்கிறீங்க. அடுத்தது 50 லட்சம். ஃபிஃப்டி-ஃபிஃப்டி போட்டாச்சு, மிச்சம் ரெண்டு ஆப்ஷன், ரெண்டுமே தெரியல. தப்பா சொன்னா 3,20,000-க்கு இறங்கிடுவீங்க.

சராசரி போட்டா, 50 லட்சமும் 3.2 லட்சமும் சேர்த்து ரெண்டால வகுத்தா 26.6 லட்சம். கையில இருக்கிற 25-ஐ விட அதிகம். அப்போ கணக்குப்படி ஆடணும்.

ஆனா 2012-ல, அறந்தாங்கிப் பக்கம் எங்க வீட்ல, ஸ்கிரீனைப் பார்த்து எங்க அப்பத்தா சொல்லும்: "போதும்யா, எந்திரிச்சு வந்துரு. வீடு கட்டிரலாம்ல." அப்போ பவர் கட் காலம் வேற. கேள்வி கேட்டு முடிக்கிறப்ப கரண்ட் போகும். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்கு மொத்தத் தெருவும் ஓடும்.

அப்பத்தா சொன்னதைத்தான் டேனியல் பெர்னூலி 1738-லயே எழுதி வச்சார். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரே மதிப்பு கிடையாது. கடன் இருக்கிற வீட்டுக்கு முதல் 25 லட்சம் வாழ்க்கையையே மாத்தும். அடுத்த 25 லட்சம் அந்த அளவுக்கு மாத்தாது. சராசரிங்கிறது நூறு தடவை ஆடுறவனுக்கு. நாற்காலியில உக்கார்ற ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான். ஆறு மாசச் சம்பளம் சேமிப்புல இருக்கிறவனும் இல்லாதவனும் ஒரே கேள்விக்கு வேற வேற முடிவு எடுத்தா, ரெண்டு பேருமே சரியா இருக்கலாம். வேலையை விட்டு ஸ்டார்ட்அப் போலாமான்னு யோசிக்கிற நம்மாளுங்களுக்கும் இதே கணக்குதான்.

யார் உக்காந்தாங்க

ராதிகா நடத்தின 'கோடீஸ்வரி'யில பெண்களுக்கு மட்டும்தான் இடம். 2020 ஜனவரியில அதுல ஒரு கோடி ஜெயிச்சவங்க மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா. காது கேட்காது, பேச வராது. சத்தத்தையே நம்பி ஓடுற ஒரு ஷோவை, ஏறுற சுருதியோ கைதட்டலோ காதுல விழாம, 15 கேள்வியும் தாண்டி முடிச்சாங்க. மூல டிசைன்லயே கேள்வி எழுத்துல திரையில நிக்கும். எல்லாருக்காகவும் வச்ச அந்த ஒரு அம்சம், இங்க ஒருத்தருக்குக் கதவைத் திறந்துச்சு.

இப்போ ஏன் அந்த ஃபீல் வரல?

யூடியூப்ல எல்லா கிளிப்பும் கிடைக்குது. ஆனா அதுல கேள்வி முடிஞ்ச உடனே பதில். நடுவுல இருந்த அந்த நீளமான அமைதியை வெட்டிடறாங்க. நாம சண்டை போட்டது, அப்பாவுக்கு இது தெரியுமான்னு ஆச்சரியப்பட்டது எல்லாமே அந்த இடைவெளியிலதான். மிஸ் பண்றது ஷோவை இல்ல, அதைன்னுதான் எனக்குத் தோணுது.

அதனால ஒரு சின்ன வேலை. ஊருக்குப் போறப்ப ஒரு பழைய கிளிப் போடுங்க. 25 லட்சத்துல பாஸ் பண்ணிட்டு, வீட்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க: ஆடுவீங்களா, எந்திரிப்பீங்களா, ஏன்? கிடைச்ச பதிலை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறேன். பை!