தொப்பைக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

எங்க தூத்துக்குடியில நாப்பது தாண்டின ரெண்டு பேர் சந்திச்சா, "சுகர் எவ்வளவு?"ங்கிற கேள்வி சீக்கிரம் வந்துடும். பெருங்குடலைப் பத்தி யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு. படிச்சுப் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் எழுதுறேன்.

பெருங்குடலின் உள்சுவரில் சில சமயம் மரு மாதிரி சின்னதா சதை வளரும். அதுதான் பாலிப். அதில் அடினோமா என்ற வகையைக் கவனிக்கணும். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. எல்லா அடினோமாவும் அப்படி மாறாது. மாறுகிற சிலதும் பொதுவா பத்து வருஷம் போல எடுத்துக்கும். அதுவரை பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இருக்காது.

இதில் தொப்பை எங்கே வருது? வயிற்றுக்குள்ள கொழுப்பு சேரச் சேர, உடம்பு இன்சுலினுக்குச் சரியா கட்டுப்படாது. ஈடுகட்ட கணையம் இன்னும் அதிகமா இன்சுலின் சுரக்கும். இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கிறதோட நிக்காது. செல்களை "வளரு, பெருகு"ன்னும் தூண்டும். குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதுசாகிற இடம். அங்கே செல்கள் கூடுதலா பெருகினா, மரபணுவில் பிழை விழவும் வாய்ப்பு கூடும். தொப்பை, சுகர், பிரஷர், கெட்ட கொழுப்பு சேர்ந்து இருக்கிறவங்களுக்கு அடினோமா அதிகம்னு பல நாட்டு ஆய்வுகள் காட்டுது. அதிகம்னா நிச்சயம்னு அர்த்தம் இல்லீங்க.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவர், லாரி டிரைவர், என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கிறவர், எல்லாருக்குமே உட்கார்ந்த வேலைதான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினா நமக்கு எச்சரிக்கை.

நல்ல சேதி: கொலோனோஸ்கோபி பண்ணும்போதே பாலிப்பை வெட்டி எடுத்துடலாம். அப்படி எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் பெருமளவு குறைஞ்சதுன்னு 1993-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்லுது. அங்கே 2021 முதல் 45 வயதிலேயே பரிசோதனை தொடங்கச் சொல்றாங்க. நம்ம அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் இருப்பது வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள்தான். மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது; குடலைப் பத்தி நாமதான் டாக்டர்கிட்ட கேக்கணும்.

முக்கியமா ஒண்ணு. மலத்தில் ரத்தம் வந்தா மூலம்னு நாமளே முடிவு பண்ணி மருந்து கடைக்குப் போறோம். சுகர் இருந்து, வயசும் 45 தாண்டியிருந்தா, ரத்தமே வராட்டியும் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான டெஸ்ட் எனக்குத் தேவையான்னு கேளுங்க.