பத்மநாபபுரம் அரண்மனை

தமிழகத்தின் பழங்கட்டடங்களை எண்ணும்போது முதலில் கண்முன் நிற்பது கருங்கல். கோபுரம், மண்டபம், கோட்டை என யாவும் கல்லாலும் சுதையாலும் எழுந்தவை. கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே வேளிமலை அடிவாரத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையோ பெரிதும் மரத்தால் ஆனது. கறையானும் ஈரமும் நெருப்பும் மரத்திற்கு ஓயாப் பகை. ஆண்டில் இரு பருவமழையும் பெய்யும் நிலத்தில், ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக ஒரு மர மாளிகை நிலைத்திருப்பது தச்சர்களின் அறிவுக்குக் கிடைத்த வெற்றியாகும்.

இவ்வூரின் பழைய பெயர் கல்குளம். வேணாட்டை ஆண்ட இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601ஆம் ஆண்டளவில் இங்கு அரண்மனை எழுப்பினார் என்பர். 1729 முதல் 1758 வரை ஆட்சி புரிந்த மார்த்தாண்ட வர்மர் அதனைப் பெரிதாக விரித்துக் கட்டினார். 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையை வென்றவர் இவரே. 1750இல் தம் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கி, அத்தெய்வத்தின் அடியவராக இருந்து ஆளத் தொடங்கினார். ஊரும் பத்மநாபபுரம் எனப் பெயர் பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தர்மராஜா எனப் புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது.

அரண்மனையின் முகப்புக்குப் பூமுகம் என்று பெயர். அதன் மர விதானத்தில் தொண்ணூறு வகைப் பூ வேலைப்பாடுகள் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே தொங்கும் குதிரை விளக்கை எத்திசை நோக்கித் திருப்பினாலும் அத்திசையிலேயே நிற்குமாறு அதன் சங்கிலி இணைப்புகள் அமைந்துள்ளன. பூமுகத்தின் மேல்தளமே மந்திரசாலை. அரசர் அமைச்சருடன் அமர்ந்து நாட்டு நடப்புகளை ஆய்ந்த இவ்வவை வியக்கத்தக்க அளவு சிறியது, ஆடம்பரமும் இல்லை. மரச் சட்டங்கள் சரிவாகப் பொருத்தப்பட்ட பலகணிகள் காற்றை உள்ளே விடுகின்றன, வெயிலைத் தடுக்கின்றன. இடையிடையே பதித்த வண்ண அபிரகத் தகடுகளின் வழியே மெல்லொளி மட்டும் கசிந்து வருகிறது. வெளியே கடும்பகலாயினும் உள்ளே குளுமை குன்றுவதில்லை.

தரையைக் காண்போர் அதனைக் கருங்கல் பலகை என்றே கருதுவர். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு முதலியவற்றைக் குழைத்துப் பூசி, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய தரை அது. முகம் தெரியும் அளவுக்கு இன்றும் மின்னுகிறது. ஆயினும் அக்கலவையின் அளவும் பக்குவமும் கைப்பழக்கத்தால் கடத்தப்பட்டவை. அக்கைகள் ஓய்ந்தபின், விரிசல் கண்ட இடத்தைப் பழைய மெருகுடன் மீட்பது எளிதன்று.

வளாகத்தின் மிகப் பழைய பகுதி தாய்க் கொட்டாரம். கொட்டாரம் என்பது அரண்மனையைக் குறிக்கும் அந்நாட்டு வழக்கு. நடுவே வானம் பார்த்த முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் கொண்ட நாலுகெட்டு வீட்டமைப்பு இது. இங்குள்ள பலாமரத் தூண் ஒன்றே தச்சரின் உளி நுட்பத்தைக் காட்டப் போதும். செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை மழைநீரைத் தேங்கவிடாது; சுவரைத் தாண்டி நீண்ட இறவாரம் சாரலைத் தடுக்கும். அழகுக்காக அமைந்தவைபோலத் தோன்றும் இவையே மரத்தைக் காத்த கவசங்கள்.

ஊட்டுப்புரை என்னும் நெடுங்கூடத்தில் ஒரு தளத்திற்கு ஆயிரம்பேர் அமர்ந்து உண்ணலாம். அரசரின் அறை சிறிது. ஊரார் பந்திக்குரிய கூடம் பெரிது! ஊறுகாய் வைத்த பெருஞ்சாடிகள் இன்றும் அங்குள்ளன.

நான்கு நிலைகள் கொண்ட உப்பரிகை மாளிகையில் கீழே கருவூலம், அதன்மேல் மூலிகை மரங்களால் செய்யப்பட்ட கட்டில் உள்ள அரச பள்ளியறை, அதற்கும் மேலே அரசர் நோன்பிருந்த அறை. உச்சிநிலை பத்மநாபருக்கு உரியது. அதன் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள். நவராத்திரி மண்டபம் மட்டும் கல்லில் எழுந்தது. பெண்டிர் மறைவிலிருந்து ஆடல் காண்பதற்குத் துளையிட்ட மரத்தட்டி உண்டு. கம்பர் வழிபட்டதாகக் கூறப்படும் சரசுவதி திருமேனி இவ்வளாகத்தில் உள்ளது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அது திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளும்போது, உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் கைமாற்றப்படுகிறது. அரசாட்சி மறைந்தும் இவ்வழக்கம் மறையவில்லை.

1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி தமிழகத்துடன் இணைந்தது. அரண்மனையின் பராமரிப்போ கேரளத் தொல்லியல் துறையிடமே தொடர்கிறது. நிலம் ஒரு மாநிலத்தில், நிருவாகம் மற்றொன்றில் என்னும் இவ்வமைப்பு அரிதானது. எல்லைக்கோடு பண்பாட்டைப் பிரிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. காண வருவோர் காலணிகளை வாயிலிலேயே கழற்றிவிட வேண்டும். ஓவியங்கள் உள்ள உச்சிநிலைக்குப் பொதுமக்கள் ஏற இசைவில்லை. மூச்சுக்காற்றின் ஈரமும் வண்ணங்களுக்குக் கேடு செய்யும்.