தோள்மூட்டுக்குள் கமரா: மறைந்திருக்கும் கிழிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

பனிக்காலத்தில் மொன்றியல் நடைபாதையில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தவர்கள் எம்மவரில் பலர். தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் ஆண்டுக்கணக்காகக் கையை உயர்த்தி வேலை செய்து தோளைக் கெடுத்துக்கொண்டவர்களும் பலர். தலை வாரக் கை எழும்பாது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. "குளிருக்கு வந்த வாயு" என்று எண்ணெய் பூசி நாட்களைக் கடத்துவோம். கடைசியில் வைத்தியர், "சிறு துளையிட்டுக் கமராவால் பார்க்கவேண்டும். என்ன செய்வது என்பதை உள்ளே பார்த்தபின்தான் முடிவு செய்யலாம்" என்கிறார். ஸ்கான் எடுத்த பிறகும் ஏன் இப்படி?

கிழிவு எங்கே ஒளிந்திருக்கும்?

தோள்மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் உள்ளன. அவற்றின் நுனியிலுள்ள தசைநாண்கள், சட்டைக் கையின் பட்டியைப் போல, மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. இவற்றில் மேலே உள்ளதே அதிகமாகக் கிழிகிறது. முழுவதும் கிழிந்திருந்தால் அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கானிலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். பாதிக் கிழிவு அப்படியல்ல. அது தசைநாணின் மேற்பக்கத்தில் இருக்கலாம், கீழ்ப்பக்கத்தில் இருக்கலாம், நடுவிலும் இருக்கலாம். முன்பக்கத் தசைநாணில் உண்டாகும் சிறு கிழிவும் ஸ்கானில் தவறிப் போவதுண்டு.

கமரா எப்படிப் பார்க்கிறது?

முதலில் மூட்டுக்குள் உப்புநீர் செலுத்தி இடத்தை விரிவாக்குவார்கள். பின்பக்கத்தில் சிறு துளையிட்டு, ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள கமராக் குழாயை உள்ளே விடுவார்கள். இன்னொரு துளையால் நுனி வளைந்த கம்பி ஒன்று செல்லும். சத்திரசிகிச்சை நிபுணர் திரையைப் பார்த்தபடி தசைநாணை அக்கம்பியால் தொட்டு, தட்டி, இழுத்துப் பார்ப்பார். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் நாண், தொட்டால் தொய்வாக இருக்கலாம். முன்பக்கத் தசைநாணைப் பார்க்கக் கையை உட்புறமாகத் திருப்புவார்கள்.

கீழ்ப்பக்கத்தில் சந்தேகமான இடம் இருந்தால், வெளியிலிருந்து ஊசி குத்தி அவ்விடத்தில் நிறநூல் ஒன்றை விடுவார்கள். பின்பு கமராவைத் தசைநாணின் மேலுள்ள இடைவெளிக்கு மாற்றி, அந்நூல் வெளிவரும் இடத்தைத் தேடிப் பார்ப்பார்கள். ஒரே இடத்தை இருபுறமும் பார்க்க இது நல்ல உபாயம்.

இந்த முறை ஜப்பானில் வளர்ந்தது. 1918 இல் ரோக்கியோவில் கென்ஜி தக்காகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயால் இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் பார்த்தார். அவருக்குப் பின் மசாக்கி வத்தனாபே அக்கருவியைச் செம்மைப்படுத்தினார். 1964 இல் ரொறன்ரோவைச் சேர்ந்த வைத்தியர் ரொபேர்ட் ஜாக்சன் ரோக்கியோ சென்று வத்தனாபேயிடம் இதைக் கற்று, கனடாவுக்குக் கொண்டுவந்தார்.

முடிவு உள்ளே மாறலாம்

கிழிவு தசைநாணின் தடிப்பில் பாதிக்குக் குறைவானால், பொதுவாகச் சுத்தம் செய்வதோடு நிறுத்துவார்கள். பாதிக்கு மேலானால் எலும்போடு சேர்த்துத் தைப்பதே வழக்கம். வெளியே தழும்பு இரண்டிலும் சிறியதுதான். ஆனால் சுத்தம் மட்டும் செய்தால் கைத்தூக்கு சில நாட்களுக்கே தேவைப்படும். தைத்தால் 4 முதல் 6 வாரம் வரை தேவைப்படும். பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் ஒரு சம்பளத்தில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறு வித்தியாசமல்ல. கண்விழித்த பின் அறிந்து திகைப்பதைவிட, முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது:

1. உள்ளே பெரிய கிழிவு கண்டால் அப்போதே தைப்பீர்களா?
2. தைத்தால் எத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது?
3. உடற்பயிற்சிச் சிகிச்சை எங்கே, யார் செலவில்?
4. சத்திரசிகிச்சை இல்லாமல் வேறு வழி உண்டா?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம். வயதானவர்கள் பலருக்கு வலியே இல்லாமல் கிழிவு இருக்கும். பலருக்குப் பயிற்சியே போதும். ஆனால் விழுந்தபின் திடீரெனக் கையைத் தூக்க முடியாமல் போனால் தாமதிக்காதீர்கள். நாட்பட்டால் தசை சுருங்கி, தைப்பது கடினமாகும்.

கியூபெக் குடியியல் சட்டக்கோவையின்படி, விளங்கிக்கொண்டு தாமாக விரும்பிக் கொடுக்கும் சம்மதமே சம்மதம். பிரெஞ்சும் ஆங்கிலமும் விளங்காத அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென மருத்துவமனையிடம் முன்னரே கேளுங்கள். வேலையால் வந்த நோவென்றால் அதை முதல் நாளிலேயே வைத்தியரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். நட்டஈடு கோரும்போது அந்தப் பதிவு உதவும்.

விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தோள் உங்களுடையது. கேட்பதும் உங்கள் உரிமை.