காதோடு ஒரு வகுப்பறை

ஊரிலே கரும்பலகையின் முன்னால் நின்ற நான், பலெர்மோவில் ஓர் இத்தாலிய மூதாட்டியைப் பராமரித்து வருகின்றேன். அவர் உறங்கும் பிற்பகல் வேளைகளில், கைத்தொலைபேசியிற் பேராசிரியர்களின் பதிவுசெய்யப்பட்ட உரைகளைக் கேட்பது என் வழக்கம்.

முதலிற் கேட்டது, 1997 இல் ஒளிப்பதிவாக வெளிவந்த ஸ்ருவேட் ஹோலின் விரிவுரை. யமேக்காவில் 1932 இல் பிறந்து, 1951 இல் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்று அங்கேயே தங்கிவிட்டவர் அவர். நம்மைப் போல் பெயர்ந்தவர். எனது ஆங்கிலம் அவ்வளவு வலுவானதன்று. நிறுத்தி நிறுத்தியே கேட்டேன். படமோ செய்தியோ தன் பொருளைத் தானே சுமந்து வருவதில்லை, அதிகாரமுடையோர் ஒரே பொருளை நிலைநிறுத்த முயல்வர் என்பது அவர் வாதம். இதைத் தமிழில் எழுதுவோர் 'பிரதிநிதித்துவம்' என்கின்றனர். நமக்கு அது பாராளுமன்ற ஆசனத்தையே நினைவூட்டும். 'சித்திரிப்பு' என்றால் எவருக்கும் விளங்குமே!

லோரா மல்வி எழுதி 1975 இல் வெளிவந்த கட்டுரை பற்றிய உரையொன்று என்னை உறங்கவிடவில்லை. திரைப்படக் கருவி பெரும்பாலும் ஆணின் கண்ணாகவே நின்று பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாக்குகின்றது என்றார் அவர். இருபது வயது முதல் நான் பார்த்த தமிழ்ப் படங்கள் யாவும் ஒவ்வொன்றாய் நினைவில் வந்தன. கூடவே வேறொன்றும் வந்தது. வகுப்பில் விடாது கேள்வி கேட்ட மாணவி ஒருத்தியிடம், "பொம்பிளைப் பிள்ளை இவ்வளவு வாய் காட்டக்கூடாது" என்று சொன்னவள் நான்தான். அதற்கு முன்னரே, 1986 இல், யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண்கவிஞர் தொகுப்பை வெளியிட்டிருந்தது. பட்டதாரியாகிய நான் அதைப் புரட்டியும் பார்த்ததில்லை.

இத்தாலியரான கார்லா லொன்சியைப் பற்றி அண்மையிலேயே கேட்டேன். கலை விமர்சகரான அவர், 14 கலைஞரின் பேச்சுக்களை ஒலிநாடாவிற் பதிந்து 1969 இல் நூலாக்கினார். மறு ஆண்டு பெண்ணியக் குழுவொன்றை உருவாக்கினார். 1980 இல் வெளிவந்த அவருடைய நூலோ இன்னும் வியப்பானது. தம் வாழ்க்கைத் துணைவரான சிற்பி பியெத்றோ கொன்சாக்றாவுக்கும் தமக்கும் இடையே நடந்த நீண்ட உரையாடலைப் பதிவுசெய்து, அப்படியே அச்சிட்டார். ஆணின் படைப்புக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் உழைப்பு ஏன் கணக்கில் வருவதில்லை என்பதே அவ்வழக்கு. கொன்சாக்றா பிறந்தது நம் சிசிலியின் மசாறா தெல் வல்லோவில்! நம் வீடுகளில் அப்படியொரு பதிவுக்கருவியை வைத்தால் என்னவெல்லாம் கேட்கும்?

இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், பின்னர் எழுந்து கோப்பைகளைக் கழுவினார். மறுநாள் கழுவவில்லை.

இப்பொழுது வியாழன் பிற்பகல் ஓய்வு கிடைக்கும் நாலைந்து பெண்கள் எம் வீட்டில் கூடுகின்றோம். நான் இடையிடையே தமிழில் விளக்குவேன். கேள்வி கேட்பவரை இப்போது தடுப்பதில்லை. அரைமணி நேரத்தில் எவருக்காவது வேலைவீட்டு அழைப்பு வந்துவிடும். நிறுத்திய நிமிடத்தைக் கொப்பியிற் குறித்துவைத்து, அடுத்த வியாழன் அங்கிருந்தே தொடங்குகின்றோம்.